சிவப்பு லைட் எரியவில்லை: ஆல்டர்நேட்டிவ் ராக் கேட்ட ஒரு மதுரை மாணவனைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

மதுரைக்கு வெளியே உள்ள ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். 2023இல் என்னிடம் வந்த ஒரு மாணவனைப் பற்றி இங்கே எழுதுகிறேன். "கண்ட இங்கிலீஷ் பாட்டையும் கேட்டுக் கெட்டுப்போயிட்டான்" என்று சொல்லித்தான் அவனை அழைத்து வந்தார்கள். பாட்டு ஒரு பிள்ளையைக் கெடுக்குமா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு நேரத்தில் எழுகிறது. பதிலைத்தான் பெரும்பாலும் பயத்திலேயே சொல்லிவிடுகிறோம். அதனால் இந்த ஒரு நிகழ்வை ஆற அமர எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

மாணவனும் அவன் அப்பாவும் சம்மதித்தார்கள். எழுதியதைப் படித்தும் பார்த்தார்கள். ஊர், துறை போன்ற அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அப்பாவின் மைக்செட் தொழிலை மட்டும் மாற்றவில்லை. "அது இருக்கட்டும் மேடம், அதுல என்ன இருக்கு" என்று அவரே சொல்லிவிட்டார். அதை எடுத்துவிட்டால் நடந்ததைச் சொல்லவே முடியாது.

வந்த புகார்

இரண்டாம் ஆண்டு மாணவன். விடுதியில் தங்கிப் படிப்பவன். ராத்திரி மெஸ்ஸுக்கு வருவதில்லை, இரண்டு மணி வரை ஹெட்போனைக் கழற்றுவதில்லை, அலமாரிப் பக்கத்துச் சுவரில் மார்க்கரால் இங்கிலீஷ் வரிகளை எழுதிவைத்திருக்கிறான், எப்போதும் அதே கறுப்பு டிஷர்ட். விடுதியிலிருந்து வீட்டுக்குப் போன செய்தி இவ்வளவுதான்.

வீடு உசிலம்பட்டிப் பக்கம். அத்தை மகன் ஒருவன் அந்தப் பாடகர்களின் பெயர்களைப் போனில் தேடிப் பார்த்திருக்கிறான். லிங்கின் பார்க் குழுவின் செஸ்டர் பென்னிங்டன் 2017 ஜூலை 20 அன்று தற்கொலை செய்துகொண்டவர், வயது 41. அவருடைய நண்பர், சவுண்ட்கார்டன் குழுவின் கிறிஸ் கார்னெல், அதே ஆண்டு மே மாதம் அப்படியே போனவர். டிஷர்ட்டில் இருந்த முகம் நிர்வானா குழுவின் கர்ட் கோபெய்ன். 1994 ஏப்ரலில், 27 வயதில், அவரும் அப்படியே. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கேட்ட பெற்றோருக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

அம்மா அவனைப் பாண்டி கோவிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிவிட்டார். அப்பா ஹெட்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் பையன் வீட்டில் யாரிடமும் பேசவில்லை. என் அறைக்கு வந்தபோது அப்பா சொன்னது இது: "செத்துப்போனவன் பாட்டையே கேக்குறான் மேடம். இவனுக்கும் அந்த ரோசனை வந்துருமோன்னு பயமா இருக்கு."

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்தப் பெற்றோருக்கும் வரக்கூடிய பயம்தான். ஆனால் பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய வேறொரு கேள்வி இருந்தது.

முதலில் கேட்டது

அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பையனிடம் நேராகக் கேட்டேன்: உயிரை விட்டுவிடலாம் என்று எண்ணம் வந்திருக்கிறதா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோம் என்று பலரும் தயங்குகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. நேராகக் கேட்பது ஆபத்தைக் கூட்டுவதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருக்கிறது. "காலைல முழிக்காமலே இருந்தா நல்லாருக்கும்னு சில நாள் தோணும் மேம். அதுக்கு மேல ஒண்ணும் யோசிச்சதில்ல" என்றான். திட்டம் எதுவும் இல்லை. இருந்தாலும் அதை அப்படியே விடக் கூடாது. அந்த வாரமே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அனுப்பினேன். மனச்சோர்வு இருக்கிறது, மருந்து இப்போதைக்குத் தேவையில்லை, தொடர்ந்து வந்து பேச வேண்டும் என்றார் அவர். அறைத்தோழன் ஒருவனுக்கு விஷயத்தைச் சொல்ல அவனே ஒப்புக்கொண்டான். ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் அழைக்க டெலி மானஸ் எண் 14416, தமிழ்நாடு அரசின் 104 இரண்டையும் போனில் பதிந்துகொண்டான். இதைப் படிக்கும் யாருக்கேனும் தேவைப்பட்டாலும் அந்த எண்கள்தான்.

எங்கிருந்து வந்த பாரம்

அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். 2021இல் தமிழ்நாடு அரசு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்குக் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். கட்டணத்தை அரசு கட்டுகிறது. அவன் தெருவிலிருந்து பொறியியல் படிக்க வந்த முதல் ஆள் அவன்தான். முதல் வருஷக் கணக்குப் பேப்பரில் அரியர். அடுத்த செமஸ்டரில் இன்னும் இரண்டு. பாடமெல்லாம் இங்கிலீஷில். வகுப்பில் சந்தேகம் கேட்க எழுந்தால் வார்த்தை வராது. விடுதியில் சிலர் அவனை "ஓசி சீட்" என்றே கூப்பிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

மெஸ்ஸுக்குப் போகாததன் காரணம் அங்கே இருந்தது. தட்டோடு வரிசையில் நிற்கும்போதுதான் அந்தக் கூப்பாடு அதிகம். அதனால் ராத்திரிச் சாப்பாட்டை விட்டான். பசியில் தூக்கம் வராது. தூக்கம் வராததால் பாட்டு. சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும்தான் விடுதி பார்த்தது, அதுதான் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

பாட்டு அவனிடம் வந்தது ஒரு செல்போன் கேம் வீடியோவின் பின்னணியாக. லிங்கின் பார்க்கில் ஆரம்பித்தான். அவர்களின் முதல் ஆல்பம் 2000இல் வந்தது, அவன் பிறப்பதற்கு முன்னால். அங்கிருந்து நிர்வானா, பேர்ல் ஜாம், ரேடியோஹெட் என்று பின்னோக்கிப் போயிருக்கிறான். வரிகள் ஓடும் வீடியோக்களைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் உச்சரிப்பைக் கற்றுக்கொண்டானாம். சுவரில் எழுதியவையும் சாவுப் பாட்டு இல்லை. அர்த்தம் தெரியாத வரிகளை எழுதிவைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பார்த்திருக்கிறான். ஓரத்தில் பென்சிலில் தமிழ் அர்த்தம் இருந்தது. புகார் எழுதியவர் அவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை.

இந்த இசை யாருடையது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆல்டர்நேட்டிவ் ராக் என்று இன்று சொல்லப்படுவது 1980களில் அமெரிக்கக் கல்லூரி வானொலிகளிலும் சின்னச் சின்ன ரெக்கார்டு கம்பெனிகளிலும் வளர்ந்தது. பெரிய கம்பெனிகள் சீண்டாத இசை. கோபெய்ன் பிறந்து வளர்ந்த அபர்தீன், வாஷிங்டன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலை நம்பியிருந்த ஊர். அப்பா மெக்கானிக், அம்மா ஓட்டலில் பரிமாறியவர். நிர்வானாவின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய ஆன செலவு 600 டாலர் சொச்சம். 1991 செப்டம்பரில் வந்த இரண்டாவது ஆல்பம், 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்தைத் தள்ளிவிட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. கூலிக்காரர் ஊரின் சத்தம் உலகச் சந்தைக்கு வந்த கதை அது. அதே 1991இல் ஸ்டார் டிவியோடு எம்டிவியும் இந்தியாவுக்குள் வந்தது. ஆனால் அப்போது மதுரையில் கேபிள் இணைப்பும் இங்கிலீஷ் கேசட் வாங்கக் காசும் இருந்த வீடுகளில் மட்டும்தான் இந்தச் சத்தம் கேட்டிருக்கும். அங்கே உழைக்கிறவர் வீட்டுப் பிள்ளைகளின் பாட்டு, இங்கே கான்வென்ட் பிள்ளைகளின் பாட்டாகிவிட்டது. முப்பது வருஷம் கழித்துச் செல்போன் வழியாக, மைக்செட்காரர் மகனிடம் அது வந்து சேர்ந்ததில் எனக்கு ஒரு நியாயம் தெரிகிறது. உரியவன் கைக்கு வந்திருக்கிறது.

ஒரே பாட்டு, வேறு வேறு நேரம்

ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். அப்பாவுக்கு அரை மனசுதான். பதிலுக்குப் பையனிடம் ஒரு வேலை கொடுத்தேன். எந்தப் பாட்டை எத்தனை மணிக்குக் கேட்டான், கூட யார் இருந்தார்கள், கேட்பதற்கு முன்னும் பின்னும் மனசு எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். ஒழுங்காக எழுதினான்.

அந்த நோட்டில் தெரிந்ததுதான் இந்த ஆய்வின் மையம். சாயங்காலம் வகுப்பு முடிந்ததும், கோபத்தோடு, நடந்துகொண்டே கேட்ட பாட்டுக்குப் பின்னால் "பரவால்ல", "லேசா இருக்கு" என்று எழுதியிருந்தான். அதே பாட்டை நள்ளிரவுக்கு மேல், இருட்டில், சாப்பிடாத வயிற்றோடு, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட நாட்களில் "இன்னும் மோசம்" என்று எழுதியிருந்தான். பாட்டு அதேதான், வரி அதேதான். ஒருமுறை அறைத்தோழனோடு ஆளுக்கொரு இயர்போனாக மாட்டிக்கொண்டு அதையே கேட்டதற்கு அவன் எழுதியது: "சிரிச்சோம்."

சாயங்காலக் கோபம் தணிவதற்கு ஆய்வின் துணை உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஷார்மன், டிங்கிள் என்ற இருவர் 2015இல் வெளியிட்டது. இதைவிடக் கடுமையான மெட்டல் போன்ற இசையை வழக்கமாகக் கேட்கும் 39 பேரிடம், அவர்களுக்குக் கோபமூட்டிய விஷயங்களை 16 நிமிஷம் பேசவைத்தார்கள். அப்புறம் பாதிப் பேர் 10 நிமிஷம் தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டார்கள். மீதிப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு கேட்டவர்களின் கோபம் ஏறவில்லை. பகைமையும் எரிச்சலும் சும்மா இருந்தவர்களுக்குச் சமமாகவே தணிந்தன. கூடவே ஊக்கம் கிடைத்ததாகவும் சொன்னார்கள். சின்ன ஆய்வுதான். வழக்கமாக அந்த இசையைக் கேட்பவர்களுக்கு மட்டும் பொருந்துவது. ஆனால் "சத்தமான பாட்டு மூர்க்கத்தை வளர்க்கும்" என்ற உறுதியான பேச்சை இது கேள்வி கேட்கிறது.

நள்ளிரவு விஷயம் வேறு. அங்கே வேலை செய்தது பாட்டைவிட அவன் தனிமை. ஒரே நினைப்பையே மனசு சுற்றிச் சுற்றி வரும்போது, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவது அந்தச் சுற்றலுக்குத் தாளம் போட்டுக் கொடுக்கிறது. அங்கே எந்த இசையானாலும் இதைத்தான் செய்யும். பழைய தமிழ்ச் சோகப் பாட்டை இப்படிக் கேட்டு அழிந்த அண்ணன்மார் எல்லா ஊரிலும் உண்டு. அவர்கள் கேட்ட பாட்டை யாரும் குற்றம் சொன்னதில்லை.

அப்பாவின் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கோபெய்ன் இறந்தபோது இதே பயம் அமெரிக்காவில் பெரிதாக எழுந்தது. ஜோப்ஸ் முதலான ஆய்வாளர்கள் சியாட்டில் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டியின் கணக்கை எடுத்துப் பார்த்து 1996இல் எழுதினார்கள். அஞ்சலிக் கூட்டத்துக்குப் பிறகு ஓர் இளைஞர் அதே வழியில் போனார் என்பது உண்மை. ஆனால் எதிர்பார்த்தபடி தற்கொலைகள் கூடவில்லை. உதவி எண்களுக்கு வந்த அழைப்புகள்தான் கூடின. அஞ்சலிக் கூட்டத்திலேயே நெருக்கடி உதவி மையத்தைச் சேர்ந்தவர் பேசியதும், ஊடகங்கள் அவருடைய இசையையும் அவர் இறந்த விதத்தையும் பிரித்துப் பேசியதும், எங்கே உதவி கிடைக்கும் என்று கூடவே சொன்னதும் காரணங்களாக இருக்கலாம் என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகக் கூடி அழுதார்கள். யாரோடு அழுதார்கள் என்பது அங்கேயும் முக்கியமாக இருந்தது.

இதை அப்பாவிடம் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது சரி மேடம். ஆனா அது பாட்டா மேடம்? ஆம்ப்ளிஃபயர் அவுட்டான மாதிரில்ல கரகரங்குது" என்றார்.

குடோனில்

அவர் கேட்டது அவர் தொழிலிலிருந்து வந்த நேர்மையான கேள்வி. ஆம்ப்ளிஃபயருக்கு அதன் சக்திக்கு மீறிய சிக்னலைக் கொடுத்தால் ஒலியலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். சத்தம் கரகரக்கும், முகப்பில் எச்சரிக்கையாகச் சிவப்பு லைட் எரியும். இதைத்தான் 'கிளிப்' ஆவது என்பார்கள். அப்படியே ஓட்டினால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகும். ஆடி மாசம் கோவில் கொடைக்கு எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டைத் துல்லியமாக ஊர் முழுக்கக் கேட்கவைப்பதில் பெயரெடுத்தவர் அவர். கரகரப்பு அவருக்கு மானப் பிரச்சினை. மகனோ அந்தக் கரகரப்பைத் தேடித் தேடிக் கேட்கிறான்.

அதற்குள் பையன் கிட்டார் பழக ஆரம்பித்திருந்தான். பசுமலையிலிருந்து வரும் ஒரு வகுப்புத் தோழன், சர்ச் க்வயரில் வாசிப்பவன், தன் பழைய எலக்ட்ரிக் கிட்டாரைக் கொடுத்திருந்தான். மதுரை வட்டாரத்தில் கிட்டார் கற்றுக்கொண்ட பையன்களைக் கேட்டால் பாதிப் பேர் ஏதாவது ஒரு சர்ச் பெயரைச் சொல்வார்கள். கிட்டாரும் டிரம்ஸும் சொல்லிக்கொடுக்க ஆளும் ஒரே கூரைக்குக் கீழே காசில்லாமல் கிடைத்த இடம் அது.

அப்பாவின் குடோனில், அப்பாவின் ஆம்ப்ளிஃபயரில், ஒரே ஒரு பாட்டை அவருக்கு வாசித்துக் காட்டு என்று சொன்னேன். அவர்கள் இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். குடோன் என்றால் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சுற்றிலும் குழாய் ஸ்பீக்கர்கள், சுருட்டி மாட்டிய ஒயர், சீரியல் பல்பு மூட்டைகள்.

பையன் சின்னப் பெட்டி ஒன்றைக் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டினான். காலால் மிதித்து இயக்கும் டிஸ்டார்ஷன் பெடல், அதுவும் இரவல். கம்பியைத் தட்டியதும் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. அப்பாவின் கை தானாக வால்யூம் திருகுக்குப் போனது. போன கை பாதியில் நின்றது. குனிந்து ஆம்ப்ளிஃபயரின் முகப்பைப் பார்த்தார்.

"சிவப்பு லைட் எரியலயேடா. கிளிப் ஆகல. அப்புறம் எப்படிக் கரகரங்குது?"

மகனிடம் அவர் பல மாசத்துக்குப் பிறகு கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று பையன் அப்புறம் சொன்னான். அவன் பெடலைக் கழற்றி அடிமூடியைத் திறந்து காட்டினான். உள்ளே எதிரெதிராக வைத்த இரண்டு டயோடுகள். அலையின் மேலும் கீழும் அங்கேயே வெட்டுப்பட்டுவிடும். ஆம்ப்ளிஃபயருக்கு அளவான சிக்னல்தான் போகும், அதனால் அதற்குச் சேதமில்லை. அப்பா டயோடை நகத்தால் தொட்டுப் பார்த்தார். "அப்ப வேணும்னே செய்யிறதா" என்றார். "ஆமாப்பா." "எதுக்கு?" பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நல்லா இல்லாததை நல்லா இருக்குற மாதிரிச் சொல்ல வேணாம்ல" என்றான். நான் எத்தனையோ முறை கேட்டும் என்னிடம் சொல்லாத பதில் இது.

இந்த இசையில் கரகரப்போடு வாசிக்கும்போது முழு ஸ்வரக் கூட்டையும் போடுவதில்லை. ஆதாரத்தையும் ஐந்தாவதையும் மட்டும் சேர்த்து அடிப்பார்கள். அதாவது சட்ஜமும் பஞ்சமமும், தம்புராவில் ஒலிக்கும் அதே இரண்டு. நடுவில் வேறு ஸ்வரம் சேர்ந்தால் கரகரப்பில் எல்லாம் குழம்பிவிடும். அப்பாவுக்கு ஸ்வரப் பெயர் தெரியாது. ஆனால் "சுருதிப் பெட்டி மாதிரி இருக்கு அடில" என்று சரியாகப் பிடித்தார்.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வைதார். எர்த் ஒயர் அறுந்திருந்தது. "கம்பியையும் மைக்கையும் ஒண்ணாத் தொட்டா தூக்கி அடிச்சிரும். பாடுறது என்ன எழவாவும் இருந்துட்டுப் போகுது. எர்த் இல்லாமத் தொடக் கூடாது." அங்கேயே உட்கார்ந்து புது ஒயர் போட்டுக்கொடுத்தார். அவர் அந்த இசையின் ரசிகராக மாறவில்லை. இன்றுவரை இல்லை. மகன் செய்வது ஒரு வேலை, அதில் தனக்கும் தெரிந்தது உண்டு என்ற இடத்துக்கு வந்தார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

யாரும் பயப்படாத பாதிப்பு

பாட்டின் வரிகளைப் பற்றி எல்லாரும் கவலைப்பட்டார்கள். சத்தத்தின் அளவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. காதுக்குள் கொசு கத்துவதுபோல ஓயாத ஒலி இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகப் பையன் சொன்னான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 80 டெசிபெலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். அவன் அதைவிடப் பல மடங்கு கேட்டுக்கொண்டிருந்தான்.

காது மூக்குத் தொண்டைப் பிரிவில் பரிசோதனைக்கு அனுப்பினேன். அப்பாவையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். பையனுக்கு லேசான குறை, கவனித்தால் மேலே போகாது. அப்பாவுக்குத்தான் அதிகம். 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கேட்புத்திறன் பள்ளமாக இறங்கியிருந்தது. ஓயாத சத்தத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு வழக்கமாக வரும் சேதம் அது. இருபது வருஷமாக ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றதற்கான கூலி. அம்மன் பாட்டும் காதுக்கு இதைத்தான் செய்திருக்கிறது. இப்போது இருவரும் காதடைப்பான் வைத்துக்கொள்கிறார்கள். என் வேலையில் பாட்டின் பாதிப்பு என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டமுடிந்த ஒரே விஷயம் இந்தக் காது வரைபடம்தான்.

கூட்டம் சேர்ந்தது

கிட்டார் இரண்டு, ஒரு டிரம்ஸ், ஒரு பறை. நான்கு பேராக ஒரு குழு உருவானது. பறை வாசித்தவன் மேலூர்ப் பக்கத்துப் பையன். பள்ளி நாட்களிலிருந்தே வாசிப்பவன், ஆனால் கல்லூரியில் அதை யாரிடமும் சொன்னதில்லை. கல்ச்சுரல்ஸில் வெஸ்டர்ன் பிரிவில் பெயர் கொடுத்தார்கள். முதல் பாட்டு ரேடியோஹெட்டை உலகறியச் செய்த 1992ஆம் ஆண்டுப் பாட்டு. தான் இங்கே இருக்கத் தகுதியில்லாதவன் என்று ஒருவன் தன்னைத் தானே நொந்துகொள்ளும் பாட்டு. ரொம்பச் சோர்வானது என்று பிபிசி ரேடியோ ஒன் ஆரம்பத்தில் ஒதுக்கியது. இஸ்ரேல், அமெரிக்கா போன்ற வெளிநாட்டு வானொலிகள்தான் அதைத் தூக்கி நிறுத்தின. அரங்கில் பாதிப் பேர் "குத்துப் பாட்டுப் போடுங்கடா" என்று கத்தினார்கள். பரிசு கிடைக்கவில்லை.

இரண்டாவது பாட்டை அவன் தமிழில் எழுதியிருந்தான். மெஸ் வரிசையைப் பற்றியது. கத்திக்கொண்டிருந்தவர்கள் அப்போது கத்தவில்லை. மறுவாரம் முதலாம் ஆண்டிலிருந்து மூன்று பேர், எல்லாரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள், ஒத்திகை பார்க்க வரலாமா என்று கேட்டார்கள். ஓர் இசையின் சமூகத் தாக்கம் என்று புத்தகங்களில் பெரிதாகப் படிக்கிறோம். நான் கண்ணால் பார்த்த அளவு இதுதான், இதை நான் சின்னதாக நினைக்கவில்லை.

தமிழில் இந்தப் பாதை புதிதல்ல. சென்னையில் 2018 ஜனவரியில் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானாவையும் ராக்கையும் ராப்பையும் சேர்த்துச் சாதிக்கு எதிராகப் பாடியது. இந்தப் பையன்கள் அதைப் பார்த்துத்தான் பறையைக் குழுவுக்குள் கொண்டுவந்தார்கள்.

என் அறையில் வாரம் ஒரு மணி நேரம் சேர்ந்து பாட்டு கேட்பதை ஆரம்பித்தோம். ஆளுக்கொரு பாட்டு, எந்த வகையாகவும் இருக்கலாம், ஏன் பிடிக்கும் என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். இளையராஜா வந்தார், கானா வந்தது, நையாண்டி மேளம் வந்தது. ஒரு மாணவி கிரான்பெரிஸ் குழுவின் பாட்டோடு வந்தாள். 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில் குப்பைத் தொட்டிக் குண்டுகளில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள், ஒருவனுக்கு 3 வயது, இன்னொருவனுக்கு 12. அந்த ஆத்திரத்தில் டோலரஸ் ஓ'ரியார்டன் எழுதிய பாட்டு. "பொண்ணு இவ்ளோ கோவமாப் பாடி அன்னிக்குத்தான் மேம் கேட்டேன்" என்பது அவளுடைய வாக்கியம். அதற்குப் பிறகு அவள் நிறைய பேசினாள், இசையைப் பற்றி இல்லை.

எவ்வளவு தூரம் சொல்லலாம்

இது ஒரே ஒரு மாணவனின் கதை. அவன் தேறியதற்குப் பாட்டுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவர் இருந்தார், அறைத்தோழன் இருந்தான், கணக்குப் பாடத்துக்குத் தமிழில் விளக்கிச் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியர் இருந்தார். "ஓசி சீட்" என்று கூப்பிட்டவர்களை அழைத்து நிர்வாகம் பேசியது, அது பெரிய விஷயம். பாட்டு இல்லாமலும் தேறியிருக்கலாம். ஆனால் பாட்டைப் பிடுங்கியபோது அவன் வாய் மூடிக்கொண்டது, திருப்பிக் கொடுத்தபோது திறந்தது. அதை நேரில் பார்த்தேன். மனச்சோர்வு உள்ள பிள்ளை சோகமான பாட்டைத் தேடிப் போவதையும், சோகப் பாட்டு பிள்ளையைச் சோர்வாக்குவதையும் ஒன்றாக்கிப் பேசக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. என்ன கேட்கிறான் என்பதைவிட எப்போது, யாரோடு கேட்கிறான் என்பதில்தான் பிள்ளையின் நிலைமை தெரிகிறது.

பாட்டைத் தடை செய்யாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்லும்போது இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். சாப்பாட்டை விடுவது, தூக்கம் கெடுவது, நண்பர்களை விட்டு விலகுவது, பிடித்த பொருளை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவது, சாவைப் பற்றிப் பேசுவது, இவை எந்தப் பாட்டு கேட்டாலும் கேட்காவிட்டாலும் உடனே கவனிக்க வேண்டியவை.

பிறகு

2024 செப்டம்பரில் லிங்கின் பார்க், எமிலி ஆம்ஸ்ட்ராங் என்ற பெண்ணைப் பாடகராகச் சேர்த்துக்கொண்டு மறுபடி மேடைக்கு வந்தது. பையனுக்கு முதலில் கோபம். செஸ்டர் இடத்தில் வேறொருவரா என்று இரண்டு நாள் புலம்பினான். பிறகு குழுவோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு, "அவங்களும் எத்தனை வருஷந்தான் மேம் சும்மா இருப்பாங்க" என்றான். மனநல மருத்துவர் அதற்கு முன்பே, இனி தேவைப்பட்டால் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்.

2025இல் இறுதி ஆண்டை முடித்தான். ஓர் அரியர் மிச்சம் இருந்தது, அதையும் எழுதிவிட்டான். திருவிழா சீசனில் அப்பாவோடு போகிறான். ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்ற விதியை ஊர்க்காரர்களிடம் எடுத்துச் சொல்லும் வேலை இப்போது அவனுடையது. குழு இன்னும் இருக்கிறது. டிரம்ஸ் வாசித்தவன் வேலைக்காக ஓசூர் போய்விட்டதால் வேறு ஆள் தேடுகிறார்கள்.

எங்கள் விடுதியில் மாணவர் நலன் குறித்து மாசாமாசம் நிரப்பும் தாளில் "இரவில் ஹெட்போன் பயன்பாடு" என்று ஒரு வரி இருந்தது. அதை எடுக்கச் சொல்லவில்லை. அதற்குக் கீழே "இரவு யாரோடு சாப்பிடுகிறார்" என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னேன். இந்தக் கல்வியாண்டில் சேர்த்திருக்கிறார்கள். முதல் மாசத் தாளில் அந்த வரிக்கு எதிரே காலியாக இருந்தவர்களைத்தான் இப்போது ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறேன்.